ஆளோடு வாங்கிய வீடு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

சென்ற ஆண்டு இதே மேடையில் ஒரு பேராசிரியர் சிலப்பதிகாரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அவர் நின்ற இடத்தில் பார்சல் ஆபீஸ் எழுத்தன் ஒருவனை நிறுத்தியிருக்கிறார் நம் செயலாளர். "எனக்கு என்ன தெரியும்? பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்" என்று மறுத்துப் பார்த்தேன். "நீர் நான்கு வருஷமாக வீட்டுக்காரராக இருக்கிறீரே, அதைச் சொல்லும். கண்ணகி கதையைக் கேட்டுவிட்டு நம்மவர் திரும்பிப் போவது வாடகை வீட்டுக்குத்தானே!" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆகவே வந்து நிற்கின்றேன். பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டும்.

நம்மவர் இந்த ஊருக்கு வந்து பல தலைமுறைகள் ஆகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை அமைத்தார். நெல்லையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்த வணிகர் பலர் அங்கே கடை வைத்துப் பிழைத்தனர். கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைப் பகுதியிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. 1931-இல் ரயில் நிலையம் தம்பானூருக்கு வந்தது. என் போன்றோர் அந்த வழியாக வந்து சேர்ந்தவர்கள். இங்கே அமர்ந்திருப்போரில் பலர் வாடகை கொடுப்பவர்கள், சிலர் வாங்குபவர்கள். பதினொரு ஆண்டுகள் கொடுத்தும், நான்கு ஆண்டுகள் வாங்கியும் பார்த்தவன் நான். எந்தப் பக்கத்தாரையும் இகழ்ந்து பேச எனக்கு வாய் வராது.

வீடு வாங்க வேண்டிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தாயார் நாகர்கோவிலில் என் தம்பியோடு இருந்தார். அவருக்கு இரு முழங்கால்களும் மடங்குவதில்லை. தம்பிக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வரும் என்ற பேச்சு அடிபட்டது. எனக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் இரண்டாம் மாடியில். படியேற முடியாத தாயை எங்கே வைப்பது? தரையோடு தரையாக இரண்டு அறை இருந்தால் போதும் என்று தேடலானேன். சேமநிதியில் எடுத்தது, வங்கியில் வாங்கிய கடன், மனைவியின் கைவளைகள் — இவ்வளவுதான் மூலதனம்.

கரமனைக்கு அருகே ஒரு சந்தில் பழைய ஓட்டு வீடு ஒன்று அகப்பட்டது. முன்புறம் தெருவைப் பார்த்த ஓர் அறை, அதில் தையற்கடை. பின்புறம் இரண்டு அறையும் சமையற்கட்டும். அதில் ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்க ஊழியர் ஒருவரும் அவர் மனைவியும். தையற்கடைக்காரர் பதினொரு ஆண்டுகளாகவும், பெரியவர் பதினாறு ஆண்டுகளாகவும் இருந்து வந்தனர். "ஆளோடு கிடைக்கும். அதனால்தான் விலை குறைவு" என்றார் தரகர். ஆள் என்ன ஆவார் என்று கேட்டேன். "அவர் மாறிக்கொள்ளும்" என்று மலையாளத்தில் இரண்டே சொல்லில் முடித்தார். அந்த இரண்டு சொல்லை நம்பி நான் நான்கு ஆண்டுகள் நடந்தேன்.

பத்திரங்களைப் பார்ப்பதில் நான் சோம்பவில்லை. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று வாங்கினேன். இவ்வூரில் கிரயப்பத்திரத்தை ஆதாரம் என்பர். அதையும் அதற்கு முந்தைய ஆதாரத்தையும் வக்கீலிடம் காட்டினேன். மாநகராட்சி வரி ரசீதையும் கண்டேன். ரயில்வே பணி நடத்தை விதிகள், 1966, பதினெட்டாம் விதியின்படி இலாகாவுக்கு முன்கூட்டி எழுதிக் கொடுத்தேன். நம் ரயில்வே அன்பர்கள் இதை மறக்கலாகாது. பதிவு முடிந்து கிராம அலுவலகத்துக்குப் போனபோது அங்கிருந்தவர் "போக்குவரவு கழிஞ்ஞோ?" என்று கேட்டார். நான் ரயில் போக்குவரத்தைக் கேட்கிறார் என்றெண்ணி, "எல்லா வண்டியும் சரியாக ஓடுகிறது, சார்" என்றேன். நம் ஊரில் பட்டா மாற்றம் என்பதை இங்கே அப்படிச் சொல்வார்கள் என்று அன்றுதான் அறிந்தேன். அந்த அலுவலகமே சிரித்தது. காரியமும் விரைவாக முடிந்தது.

இவ்வளவும் பார்த்த நான், ஒன்றைப் பார்க்கவில்லை. பதிவு செய்யாமல் வாய்ப்பேச்சில் மாதவாடகைக்கு இருப்பவரை வில்லங்கச் சான்று காட்டாது. என் சான்றில் வில்லங்கம் ஒன்றும் இல்லை. வீட்டில் மட்டும் மூன்று உயிர்கள் இருந்தன.

ரயில்வேயில் ஓர் எழுத்தர் மற்றோர் எழுத்தரிடமிருந்து பொறுப்பு ஏற்கும் முறையை நீங்கள் அறிவீர்கள். பணப்பெட்டியில் எவ்வளவு, தலைவர் வராத பார்சல் எத்தனை, வசூலாகாத பாக்கி எது, கிழிந்து வந்த மூட்டை எது என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே முன்னவர் வண்டியேறுவார். அந்தப் பட்டியலில் எழுதாமல் விட்ட குறை, ஏற்றுக்கொண்டவன் தலையிலேயே விடியும். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதைச் செய்து வருபவன் நான். என் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு வீட்டை ஏற்றபோது, சாவியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். குடித்தனக்காரர் எவ்வளவு வாடகை தருகிறார், எந்தத் தேதியில், எந்த மாதம்வரை செலுத்தியிருக்கிறார், முன்பணம் எவ்வளவு, அது யாரிடம் இருக்கிறது, மின்சாரக் கட்டணம் யார் பொறுப்பு, எழுத்து உண்டா — இவற்றை விற்றவரும் குடியிருப்பவரும் நானும் ஒரே நாளில் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும், கிரயத் தொகை கைமாறுவதற்கு முன்பே. கைமாறிய பிறகு விற்றவர் நம் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

2021 செப்டம்பரில் பதிவு. அக்டோபர் ஐந்தாம் தேதி வாடகை வாங்கப் போனேன். பெரியவர் நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, "சாரே, இந்த மாதத்ததும் அடுத்த மாதத்ததும் பழைய முதலாளியின் கணக்குக்கு அனுப்பிவிட்டேனே. எப்போதும் இரண்டு மாதம் முன்னதாகவே செலுத்துவது என் வழக்கம். வீடு விற்ற செய்தி எனக்கு யாரும் சொல்லவில்லை" என்றார். நான் நம்பவில்லை. பிறகு விசாரித்ததில் சட்டம் அவர் பக்கம் இருக்கக் கண்டேன். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-ஆம் ஆண்டினது. அதன் 109-ஆம் பிரிவு, வீடு கைமாறியதை அறிய வகையில்லாத குடித்தனக்காரர் பழைய சொந்தக்காரரிடம் செலுத்திய வாடகையைப் புதியவர் மறுபடி கேட்கலாகாது என்கிறது. கிரயத்துக்கு முந்தைய பாக்கியும் தானாகப் புதியவரைச் சேர்ந்துவிடுவதில்லை. ஆகவே கிரயம் முடிந்த அன்றே, "இன்ன தேதி முதல் வீடு என்னுடையது, வாடகையை இன்ன கணக்கில் செலுத்துக" என்று விற்றவரும் வாங்கியவரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைத் தபாலில் அனுப்பிவிட வேண்டும். சிறு செலவுக் காரியம். அதைச் செய்யாததால் இரண்டு மாத வாடகை ஒன்பதாயிரம் ரூபாய் போயிற்று.

அடுத்து வந்தது முன்பணம். பெரியவர் பதினாறு ஆண்டுகளுக்கு முன் நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்ததாகச் சொன்னார். விற்றவரைக் கேட்டபோது, அது பழுதுபார்த்த செலவில் கழிந்துவிட்டது என்றார். பெரியவரோ உள்ளே போய், ஓரம் நைந்த வங்கிப் பாஸ்புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்குக் கணக்கு எழுதியவனைத் தெரியும். அவர் சொல்வதே மெய் என்று என் மனம் சொல்லிற்று. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் நான் கண்ணாலும் காணாத நாற்பதாயிரத்தை என் கையிலிருந்து ஒரு நாள் எடுத்துக் கொடுக்க வேண்டும். கிரயத் தொகையில் கழித்திருக்க வேண்டிய பணம் அது.

எனக்குக் கோபம் வந்தது. மனிதர் வெளியேறினால் போதும் என்றாயிற்று. நாகர்கோவிலில் என் மச்சினர், "இப்போதெல்லாம் எழுத்துப் பூர்வமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் எழுப்பிவிடலாம், அத்தான். புதுச் சட்டம் வந்தாயிற்று" என்று தைரியம் சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் பொய்யன்று. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் அது களியக்காவிளைக்கு இப்பால் செல்லாது. 1956 நவம்பர் முதல் தேதியன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அன்றுமுதல் மச்சினருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம். இங்கே ஆள்வது 1965-ஆம் ஆண்டின் கேரளக் கட்டிடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்.

எங்கள் பகுதியில் நீதிமன்றத்தில் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் இருக்கிறார். நான் எழுதிய வெளியேற்ற நோட்டீசை அவரிடம் கொண்டுபோனேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "எப்போது பதிவு?" என்றார். மூன்று மாதம் ஆயிற்று என்றேன். "அப்படியானால் இன்னும் ஒன்பது மாதம் கழித்து வாரும்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் சொன்ன விளக்கத்தை இயன்றவரை எளிதாகச் சொல்கிறேன். வீடு வாங்க எண்ணியிருக்கும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். இச்சட்டத்தின் 11-ஆம் பிரிவில் சொல்லியுள்ள காரணங்களுக்காக, வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு பெற்று மட்டுமே குடித்தனக்காரரை எழுப்பலாம். வேறு சட்டத்திலோ ஒப்பந்தத்திலோ என்ன எழுதியிருந்தாலும் அதுவே முடிவு. நம்மில் பலர் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதி, பன்னிரண்டாம் மாதம் அந்தத் தாளே ஆளை வெளியேற்றிவிடும் என்று நம்பியிருக்கிறோம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த வழக்கம் அது. இச்சட்டம் செல்லும் இடத்தில், காலம் முடிந்தது என்பது ஒன்றே வெளியேற்றக் காரணம் ஆகாது.

சொந்தத் தேவைக்காகக் கேட்கலாம். தனக்காகவோ, தன்னைச் சார்ந்திருக்கும் குடும்பத்தாருக்காகவோ. தாயார் அதில் அடங்குவார். ஆயினும் அதில் சில நிபந்தனைகள் உள்ளன. அதே ஊரில் தனக்கு வேறு கட்டிடம் கைவசம் இருப்பவர், தனிக்காரணம் காட்டினாலொழிய, கேட்க முடியாது. எனக்கு அது இல்லை. குடித்தனக்காரர் அந்த இடத்தில் நடத்தும் தொழிலையே முக்கியமாக நம்பிப் பிழைப்பவராகவும், அவ்வட்டாரத்தில் தகுந்த வேறிடம் கிடைக்காதவராகவும் இருந்தால் உத்தரவு கிடைக்காது. தையற்கடை அண்ணாச்சி அதனுள் வந்துவிடுவார். மூன்றாவதுதான் என்னைக் கட்டியது: உயிரோடிருப்பவரிடமிருந்து கிரயமாகவோ வேறு விதமாகவோ வீட்டைப் பெற்றவர், அந்தப் பத்திரத் தேதியிலிருந்து ஓராண்டு கழியும்வரை சொந்தத் தேவைக்கென்று மனுப் போடவே கூடாது.

ஆளோடு விலைக்கு வாங்கி, அடுத்த மாதமே ஆளை எழுப்பி, லாபத்துக்கு விற்பவனை நினைத்து எழுதிய விதியாக இருக்கலாம். என்னைப் போன்றவனையும் அது பிடித்தது. அன்று எனக்கு அது அநியாயமாகத் தோன்றிற்று. வக்கிரமான புத்தி ஒன்றும் உண்டாயிற்று. அதையும் சபையில் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரின் சுவிட்ச் வெளிச்சுவரில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் சாவி என்னிடம். "மோட்டார் பழுது என்று நான்கு நாள் விட்டுவிட்டால் தானே போய்விடுவார்கள்" என்று ஓர் இரவு மனைவியிடம் சொன்னேன். அவள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "பெரியவனுக்கு அம்மை போட்டிருந்த சமயம் பேட்டை வீட்டில் தண்ணீரை நிறுத்தினார்களே, அந்த வீட்டுக்காரரை நீங்கள் என்ன சொல்லித் திட்டினீர்கள்? நினைவிருக்கிறதா?" என்றாள். நினைவிருந்தது. அவ்வார்த்தை இந்த மேடையில் சொல்லத் தக்கதன்று. தண்ணீர், மின்சாரம் போன்ற வசதிகளைத் தக்க காரணமின்றி நிறுத்துவதை இதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடை செய்கிறது என்று பிற்பாடு பெஞ்சு கிளார்க் சொன்னார். எனக்கு அதற்கு முன்பே தீர்ப்பு ஆகிவிட்டிருந்தது.

நிற்க. காத்திருந்த அந்த ஓராண்டில் செய்தவற்றைச் சொல்கிறேன். முதலில் இருவருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பிறகு நூறு தாள் கொண்ட ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். பெரியவர் கூகுள் பே வழியாகச் செலுத்துகிறார், அண்ணாச்சி ரொக்கமாகத் தருகிறார். எப்படித் தந்தாலும் மாதம், தொகை, தேதி எழுதி ரசீது கொடுத்துவிடுவேன். ரசீது பெறுவது குடித்தனக்காரரின் உரிமை. அதன் அடிக்கட்டை வீட்டுக்காரருக்கு அதைவிடப் பெரிய காவல். முதல் ரசீதின் பின்புறத்தில், நெடுநேரம் யோசித்து, "முன்பணம் ரூ. 40,000 இவருக்குத் திருப்பித் தரவேண்டியது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பெரியவர் அதை இருமுறை படித்து, பாஸ்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் என்னோடு பேசும் குரலே வேறாயிற்று.

மின்சார இணைப்போ, காலஞ்சென்ற ஒருவர் பெயரில் இருந்தது. விற்றவருக்கும் முந்தையவர் அவர். வீட்டு இணைப்பிலிருந்தே தையற்கடைக்கும் கம்பி இழுத்திருந்தார்கள். வீட்டு விகிதத்தில் வரும் மின்சாரத்தைக் கடைக்குப் பயன்படுத்தினால், பிடிபடும் நாளில் கணக்குப் பார்த்து அபராத விகிதத்தில் வாங்கிவிடுவார்கள். பெயரை மாற்றி, கடைக்குத் தனி மீட்டர் வைத்தேன். கட்டணம் கூடியதென்று அண்ணாச்சி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. வருமான வரியைப் பற்றி ஒரு வார்த்தை: வாடகை வருமானத்தில் நாம் செலுத்திய மாநகராட்சி வரியைக் கழித்து, எஞ்சியதில் நூற்றுக்கு முப்பது பங்கைப் பழுதுச் செலவுக்கென்று சட்டமே தள்ளிக் கொடுக்கிறது. மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

கூரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இடவப்பாதி மழைக்கு முன் ஓடு மாற்ற ஆள் கொண்டுபோனேன். மேஸ்திரி ஏணியில் ஏறி, முன்பக்கம் ஐம்பது ஓடு மாற்றினால் போதும் என்றார். கீழே நின்ற பெரியவர், "முன்பக்கம் ஒழுகாது. காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது சமையற்கட்டு மூலையில் மட்டும் ஒழுகும். துலாமழையில் ஒழுகாது. பார்க்க வேண்டியது ஓட்டை அல்ல, மரத்தை" என்றார். பிரித்துப் பார்த்தால், உத்தரத்தின் சுவர்ப்பக்க நுனியைக் கரையான் தின்று மாவாக்கியிருந்தது. அது பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர். இன்னும் இரண்டு மழை தாங்கியிருக்குமா என்பது ஐயம் என்றார் மேஸ்திரி. நான் காசு கொடுத்து வாங்கிய வீட்டை, பதினாறு ஆண்டு குடியிருந்தவர் அறிந்த அளவில் நூற்றில் ஒரு பங்கும் நான் அறிந்திருக்கவில்லை. அன்று முதல் வீட்டைப் பற்றி எதுவானாலும் அவரைக் கேட்டே செய்தேன்.

இடையில் அண்ணாச்சி நான்கு மாதம் வாடகை தரவில்லை. ஆயத்த ஆடை வந்த பிறகு தையற்காரர் நிலை உங்களுக்குத் தெரியாததன்று. இரண்டு முறை வாயால் கேட்டேன். பிறகு சட்டம் சொன்னபடி பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். அந்த நோட்டீஸ் இல்லாமல் பாக்கிக்காக மனுப் போட முடியாது. கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் பாக்கியையும், ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வட்டியையும், தபால் செலவையும் அவர் கொடுத்துவிட்டால் விவகாரம் தீர்ந்தது. பதின்மூன்றாம் நாள் மாலை அண்ணாச்சி என் ஆபீசுக்கே வந்து, மேசைமேல் ஏழாயிரத்து இருநூறு வைத்தார். வட்டிக்குத் தொண்ணூறு ரூபாய் தனியாக. தபாலுக்குச் சில்லறை தனியாக. "கணக்குச் சரியா, தம்பி?" என்றார். மாதத்துக்கு ஒன்பது ரூபாய் வீதம் நான் போட்டு வைத்திருந்த கணக்கும் அதுவே. தொண்ணூறு ரூபாயை எடுக்கக் கை கூசிற்று. வேண்டாமென்றால் அவருக்கு அது இன்னும் அவமானமாக இருக்கும் என்று தோன்றவே, எடுத்துக்கொண்டு ரசீது எழுதினேன். நோட்டீஸ் அனுப்பியது தவறென்று இன்றும் நான் எண்ணவில்லை. பதினோரு மாத பாக்கியாக வளரவிட்டிருந்தால் அவரால் தந்திருக்க முடியாது, கடை போயிருக்கும்.

2022 செப்டம்பரில் ஓராண்டு நிறைந்தது. தம்பி கோயம்புத்தூர் போய்விட்டான். தாயாரை நாற்காலியில் உட்கார்த்தி நானும் மகனுமாக இரண்டாம் மாடிக்குத் தூக்கினோம். அன்று ஏறியவர் இறங்கவில்லை; கோயிலுக்குப் போகவில்லை; சன்னலோரம் உட்கார்ந்து வண்டிகளை எண்ணுவார். என் பையில் மனு எழுதித் தயாராக இருந்தது. பெஞ்சு கிளார்க் ஒப்புக்கொண்டார்: "உமது வழக்கு நல்ல வழக்கு. நீதிமன்றம், அதன்மேல் அப்பீல், அதன்மேல் ஹைகோர்ட்டில் சீராய்வு. நீர் ஜெயிப்பீர். அதுவரை உம் தாயார் இருக்க வேண்டும்."

தாயார் ஒரு நாள் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். மறுபடி நாற்காலி, மறுபடி தூக்கல். அங்கே பெரியவரின் மனைவி பக்கவாதத்தால் ஒரு கால் இழுத்து நடப்பவர். இருவரும் பின்கட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் இருந்தார்கள். அந்த அம்மாள் மலையாளத்தில் பேச, என் தாயார் நாஞ்சில் நாட்டுத் தமிழில் பேச, ஒருவருக்கொருவர் ஒரு சொல்லும் விளங்காமல் போகவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் தாயார், "அந்தப் பிள்ளைக்கும் படியேற முடியாதே, மக்கா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பெரியவரிடம் மனுவைக் காட்டினேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். என் தாயாருக்கு இந்த வீடு வேண்டும். அவர்களுக்கும் தரைத்தளம்தான் வேண்டும். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கண்டுபிடித்தால் போகிறேன் சாரே. கண்டுபிடிக்க என்னால் அலைய முடியாது" என்றார். ஒரு தாளில் எழுதினோம். தகுந்த தரைத்தள வீடு கிடைக்கும்வரை வாடகை கூட்டுவதில்லை. தேடுவது என் பொறுப்பு. இடம் பெயரும் நாளில் முன்பணம் முழுவதும் அவர் கையில். இருவரும் கையெழுத்திட்டோம், அண்ணாச்சி சாட்சி.

இந்நகரில் முதியவர் இருவருக்குத் தரைத்தள வீடு தேடிப் பார்த்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். ஷிப்டு முடிந்த நேரங்களில் பூஜப்புரை, நேமம், கிள்ளிப்பாலம் என்று பதினேழு வீடுகள் பார்த்தேன். சில வீட்டுக்காரர்கள் நோயாளி வேண்டாம் என்றார்கள். வீட்டுக்காரர்களின் முகம் எப்படி இருக்கும் என்பதை எதிர்ப்பக்கம் நின்று மீண்டும் ஒருமுறை பார்த்தேன். பதினெட்டாவதாகப் பாப்பனங்கோட்டில் ஒரு வீடு அமைந்தது. 2024 ஜனவரியில் அவர்கள் பெயர்ந்தார்கள். நாற்பதாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன். அதை அப்படியே புது வீட்டுக்கு முன்பணமாகக் கொடுத்தார். அலமாரியைத் தூக்கியதில் ஒரு கை என்னுடையது.

அங்கே வாடகை ஏழாயிரம். என்னிடம் அவர் கொடுத்தது நாலாயிரத்து ஐந்நூறு. மாதந்தோறும் அந்த இரண்டாயிரத்து ஐந்நூறு அவருடைய ஓய்வூதியத்திலிருந்து போகிறது. இதை நான் ஈடு செய்யவில்லை; செய்யும் வசதி எனக்கு இல்லை, கடன் தவணை இருக்கிறது. அண்ணாச்சியின் அறையைச் சட்டம் காத்தது, பெரியவரின் வீட்டைக் காக்கவில்லை. எல்லோருக்கும் நியாயமாக முடிந்தது என்று இந்த மேடையில் நின்று சொல்லிவிட்டால், இக்கூட்டத்தில் அவரை அறிந்த சிலர் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

என் தாயார் இப்போது அந்தப் பின்கட்டில் இருக்கிறார். காலையில் தானே நடந்து தெருமுனைக் கோயிலுக்குப் போய்வருகிறார். பெரியவர் மாதம் ஒருமுறை, பழைய முகவரிக்கு வந்த கடிதங்களை வாங்க வருவார். வந்தால் சமையற்கட்டு மூலையை ஒருமுறை அண்ணாந்து பார்க்காமல் போவதில்லை. சென்ற மாதம் பார்த்துவிட்டு, "மேற்கு ஓரம் மூன்று ஓடு நகர்ந்திருக்கிறது" என்று சொல்லிப் போனார். மேஸ்திரிக்குச் சொல்லியிருக்கிறேன்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டதென்று தலைவர் மணியைத் தொடுகிறார். அண்ணாச்சி நான்காம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். வரும் வழியில் இம்மாத வாடகையைக் கொடுத்துவிட்டார். ரசீதுப் புத்தகம் வீட்டில் இருந்தபடியால் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. நாடகம் தொடங்குவதற்குள் போய் எடுத்து வர வேண்டும்.